பிப்ரவரியில் போடும் மதிப்பெண்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் லாக்ரோஸ் சீசன் பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. வடக்கத்தி ஊர்களில் அப்போது மைதானத்து ஓரங்களில் பனிக்குவியல் கூடக் கரைந்திருக்காது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வரும் நினைவு நாள் விடுமுறையன்று இறுதிப்போட்டி. ஏறத்தாழ நான்கு மாதம் ஓடும் இந்தச் சீசனில், ரசிகர்கள் சொல்லும் மிகக் கறாரான தீர்ப்புகள் முதல் மூன்று வாரத்திலேயே வந்துவிடுகின்றன. சீனியர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனபின் வந்து சேர்ந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களில் யார் தேறுவான், யார் தேறமாட்டான், யாருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தது வீண் என்று பிப்ரவரி முடிவதற்குள் பட்டியல் போட்டுவிடுவார்கள். ரசிகர்களின் சுபாவமே இதுதான், என்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றலாம். உண்மையில் இந்தப் பழக்கத்துக்கு அறுபது ஆண்டு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவன் பிரதான அணியின் சீருடையைப் போடவே முடியாது. அந்தத் தடை எதற்காக வந்தது, எதற்காகப் போனது, போனபோது எதைக் கூடவே கொண்டுபோனது என்று பார்த்தால், இன்றைய பிப்ரவரி மதிப்பெண் எதை அளக்கிறது என்பது விளங்கும். பையனின் திறமையைவிட, அணியில் காலியாகக் கிடந்த இடத்தைத்தான் அது அதிகம் அளக்கிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணிக்குப் பத்துப் பேர். நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் கெட்டியான சிறு ரப்பர் பந்தை ஏந்தி, வீசி, ஆறடிக்கு ஆறடி கோல் சட்டத்துக்குள் போட வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் இது. ஹோடெனோஷோனி மக்கள் இன்றும் இதைப் படைத்தவன் தந்த விளையாட்டாகவே கருதுகிறார்கள். ஹியூரான் மக்கள் நோய் தீர வேண்டி இதை ஆடியதை 1636இல் பிரெஞ்சுப் பாதிரியார் ழான் தெ பிரெபெஃப் எழுதிவைத்தார். 1867இல் மாண்ட்ரியால் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் விதிகளைத் தொகுத்து அதை வெள்ளையர் கிளப் ஆட்டமாக மாற்றினார். பத்தாண்டு கழித்து, 1877 நவம்பரில், நியூயார்க் பல்கலைக்கழகமும் மன்ஹாட்டன் கல்லூரியும் அமெரிக்காவின் முதல் கல்லூரிப் போட்டியை ஆடின. அன்றைக்கு முதலாண்டு, நான்காமாண்டு என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆள் சேர்வதே பெரும்பாடு. ஸ்டிக் பிடிக்கத் தெரிந்தால் அணியில் இடம் உண்டு.

பேதம் வந்தது லாக்ரோஸால் அல்ல, அமெரிக்கக் கால்பந்தால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லூரிக் கால்பந்து பெரும் வியாபாரமாகவும் பெரும் ஆபத்தாகவும் வளர்ந்துவிட்டிருந்தது. மைதானத்திலேயே மாணவர்கள் இறந்தார்கள். 1905இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு உருவான சங்கம்தான் பின்னர் என்சிஏஏ என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் கல்லூரிகளை அரித்த இன்னொரு பிரச்சினை, படிக்கவே வராத கூலி ஆட்டக்காரர்கள். இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்து, நாலு ஆட்டம் ஆடிக் காசு வாங்கிக்கொண்டு, தேர்வுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்வார்கள். இதற்கு மருந்தாகத்தான் ஓராண்டு தங்கிப் படித்தபின்பே பிரதான அணியில் ஆடலாம் என்ற விதி வந்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவை முன்கையெடுத்தன. 1906இல் மேற்கத்திக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டது. நாளடைவில் எல்லா விளையாட்டுக்கும் இது பொது வழக்கமாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது ஆள் பற்றாக்குறையால் பல இடங்களில் தளர்த்தினார்கள். போர் முடிந்ததும் திரும்ப இறுக்கிக்கொண்டார்கள். பையனுக்குத் திறமை போதாது என்று யாரும் இந்த விதியைக் கொண்டுவரவில்லை. அவன் முதலில் மாணவனாக இருக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் எந்த நோக்கத்தோடு வந்ததோ அதைத் தாண்டியும் அது ஒரு வேலையைச் செய்தது. பள்ளி ஆட்டத்துக்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் நடுவே ஓராண்டு இடைவெளியை உண்டாக்கியது.

அந்த ஓராண்டு புதுமுகங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கென்றே தனி அணி, தனிப் பயிற்சியாளர், தனி ஆட்டங்கள் உண்டு. அங்கே ஒருவன் தடுமாறினால் பயிற்சியாளர் பார்ப்பார், சக மாணவர்கள் பார்ப்பார்கள், ஊர் பார்க்காது. தவறான மதிப்பீடுகள் அப்போதும் நடக்காமல் இல்லை. ஜிம் பிரவுனின் கதையே போதும். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் மான்ஹாசெட் பள்ளியின் நட்சத்திரமாக இருந்த இந்தக் கறுப்பின இளைஞர் 1953இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கல்லூரி அவருக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி அவரை அங்கே படிக்கவைத்தவர் கென்னத் மொலாய் என்ற வழக்கறிஞர். கால்பந்துப் பயிற்சியாளர்கள் அவரைக் கடைசி வரிசைகளில் நிறுத்தினார்கள். அந்த மதிப்பீட்டில் திறமைக்கு எவ்வளவு பங்கு, தோல் நிறத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை யாரும் எளிதில் ஊகிக்கலாம். 1957இல், கடைசி ஆண்டு லாக்ரோஸ் சீசனில், அவர் பத்து ஆட்டங்களில் 43 கோல் போட்டார். சிரக்யூஸ் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அந்த அணியின் கோலி ஒனண்டாகா மக்களைச் சேர்ந்த ஓரன் லயன்ஸ்; பின்னாளில், இராக்வாய் என்றும் அழைக்கப்படும் ஹோடெனோஷோனி மக்களின் தேசிய அணியை நிறுவியவர்களில் ஒருவர். லாக்ரோஸ் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பிரவுன்தான் என்று சொல்பவர்கள் இன்றும் பலர். முதல் பருவத்து மதிப்பீட்டையே முடிவாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1968இல் என்சிஏஏ, அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து நீங்கலாக மற்ற விளையாட்டுகளில் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடலாம் என்று திறந்துவிட்டது. 1972இல் அந்த இரண்டுக்கும் கதவு திறந்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் மட்டும் கால்பந்தில் 1993 வரை பழைய வழக்கத்தை விடவில்லை. இந்த மாற்றத்துக்குப் பின்னால் செலவுக் கணக்கும் இருந்தது. தனி அணி, தனிப் பயிற்சியாளர், தனிப் பயணம் என்று வைத்துக்கொள்வது கல்லூரிகளுக்குப் பாரமாகிவிட்டது. ஆக, தடை நீங்கியதோடு புதுமுக அணிகளும் மெல்ல மறைந்தன. 1971இல் என்சிஏஏ தேசிய நாக்-அவுட் போட்டி தொடங்கி, கார்னெல் முதல் கோப்பையை வென்றபோது, கல்லூரி லாக்ரோஸ் புதிய காலத்துக்குள் வந்துவிட்டிருந்தது. இந்த மாற்றத்தின் அளவை இரண்டே பேரை வைத்துக் காட்டலாம். ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரருக்கு ஜாக் டர்ன்புல் விருது தருகிறார்கள். கடற்படைக் கல்லூரியின் ஜிம்மி லூயிஸ் 1964, 65, 66 என்று மூன்று முறை வாங்கினார். மூன்று ஆண்டும் அவருடைய அணியே சாம்பியன். அவருக்கு நான்காவது விருது கிடைக்க வழியே இல்லை, முதலாண்டில் பிரதான அணிக்கு ஆட விதி விடவில்லை. சிரக்யூஸின் மைக்கி பவல் 2001 முதல் 2004 வரை நான்கு முறையும் வாங்கினார். இருவருக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு விருதின் வித்தியாசத்தில் திறமையோடு 1968இன் தீர்மானமும் அடங்கியிருக்கிறது. சாதனைப் பட்டியலில் பெயரைப் பார்க்கிறவர்கள் விதியைப் பார்ப்பதில்லை.

தீர்மானம் மாணவனுக்கு ஒரு ஆண்டைக் கூடுதலாகத் தந்தது. ஆனால் அவன் தடுமாறும் ஆண்டைக் காலரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அங்கே நம் கண்ணுக்கு என்ன தெரிகிறது? விதிப்படி ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு நீள ஸ்டிக்குகளைத்தான் களத்தில் வைத்திருக்கலாம். நீள ஸ்டிக் ஆறடி வரை போகும். குட்டை ஸ்டிக் மூன்றரை அடிக்குள். எதிரணியின் மூன்று தாக்குதல் வீரர்களுக்கு மூன்று நீள ஸ்டிக் காவல் போய்விடும். மிச்சமுள்ள ஒன்று மூன்று நடுக்கள வீரர்களில் யார் அபாயமானவனோ அவனிடம் போகும். பிப்ரவரியில் அது அநேகமாகச் சீனியர். பக்கத்தில் நிற்கும் முதலாண்டுப் பையனுக்கு எதிரே குட்டை ஸ்டிக் காவலர். அவன் அந்தக் காவலரைச் சுற்றிப்போய் இரண்டு, மூன்று கோல் போடுகிறான். காலரி எழுந்து நிற்கிறது. ஏப்ரலில் எதிரணிகள் வீடியோ பார்த்துக் கணக்குப் போட்டு, நீள ஸ்டிக்கை அவன் பக்கம் திருப்புகின்றன; கோல் வரத்து நின்றுபோகிறது. பையன் மங்கிவிட்டான் என்கிறார்கள். பையன் அப்படியேதான் இருக்கிறான். எதிரே நிற்பவன் கையில் இருக்கும் ஸ்டிக் இரண்டரை அடி நீண்டுவிட்டது.

தற்காப்பில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு காவலர் தாண்டப்பட்டால் பக்கத்துக் காவலர் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து வழிமறிக்க வேண்டும். இதற்கு ஸ்லைடு என்று பெயர். அவர் விட்டுவந்த ஆளை மூன்றாமவர் அடைக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் அரை நொடி தாமதித்தவர் ஒருவர், தாண்டப்பட்டவர் இன்னொருவர். கோல் விழும்போது நம் கண்ணில் படுவது தாண்டப்பட்டவர் மட்டும். அதேபோல் ஓட்டத்துக்கு நடுவிலேயே ஆள் மாற்றிக்கொள்ளும் ஆட்டம் இது. பந்து பறிபோனதும் தாக்குதலுக்கென்று இறங்கிய நடுக்கள வீரன் ஓடிவந்து வெளியேற, தற்காப்புக்காரர் உள்ளே போக வேண்டும். இந்த ஓட்டத்தில் நாலு அடி பின்தங்கிய புதுமுகம் தனக்குப் பழக்கமில்லாத தற்காப்பில் மாட்டிக்கொள்வான். எதிரணி அவனைத் தேடிவந்து தாக்கும். ஆட்ட முடிவில் அச்சாகும் புள்ளிவிவரத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. பழைய காலத்தில் புதுமுக அணியின் பயிற்சியாளர் அருகில் நின்று திருத்திய காரியங்கள் இவைதாம். இன்று இவற்றின் விளைவை மட்டும் காலரி பார்க்கிறது, காரணத்தைப் பார்ப்பதில்லை.

தடை போனபின் நடந்த இரண்டாவது மாற்றம், பையன் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு வந்து சேர்வது. கோடைக்கால கிளப் போட்டிகள் பெருகின. பயிற்சியாளர்கள் அங்கே போய் ஆளெடுத்தார்கள். ஒரு அணிக்கு 12.6 ஸ்காலர்ஷிப்தான் என்பது அன்றைய உச்சவரம்பு. நாற்பதுக்கும் மேற்பட்ட பேருக்கு அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே நல்ல பையன்களை முன்கூட்டியே வளைத்துவிடப் போட்டி மூண்டது. ஒன்பதாம் வகுப்பில், சில சமயம் எட்டாம் வகுப்பிலேயே, பையன்கள் கல்லூரியை வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். 2017 ஏப்ரலில் என்சிஏஏ குறுக்கிட்டு, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் பயிற்சியாளர்கள் மாணவரோடு ஆள்சேர்ப்புப் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்தது. நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு அந்த விதியே சாட்சி. பதினான்கு வயதில் எழுதிய தரவரிசை பதினெட்டு வயதில் மைதானத்துக்குள் வரும்போது, ரசிகன் புதிதாக எதையும் பார்ப்பதில்லை. பட்டியல் சரியா தவறா என்றுதான் பார்க்கிறான்.

சிரக்யூஸில் இதற்கு ஒரு சட்டையே இருக்கிறது. கேரி கெயிட் அணிந்து, பிறகு கேசி, ரயன், மைக்கி என்று பவல் சகோதரர்கள் மூவரும் அணிந்த 22ஆம் எண் சட்டை, அந்தக் கல்லூரியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு என்பது வழக்கம். 2022இல் 4 வெற்றி, 10 தோல்வி என்று சிரக்யூஸ் தரைதட்டியது. அடுத்த ஆண்டு, நாட்டின் மிகச் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களுள் ஒருவர் என்று பேர்பெற்று வந்த ஜோயி ஸ்பல்லினாவுக்கு முதலாண்டிலேயே 22 கிடைத்தது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் அதே கேரி கெயிட். கூட வந்த முதலாண்டு மாணவர்கள் பலரும் உடனே களத்துக்கு வந்தார்கள், ஏனென்றால் இடம் காலியாக இருந்தது. அந்த 2023 சீசன் 8 வெற்றி, 7 தோல்வியோடு முடிந்தது. தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. அன்றைக்கு மதிப்பெண் போட்டவர்களுக்கு அது ஏமாற்றம்தான். அதே வகுப்பினர் மூன்றாம் ஆண்டில், 2025இல், சிரக்யூஸை 2013க்குப் பிறகு முதல் முறையாகத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவந்த வீரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அடித்தளம் அந்த 2023 வகுப்புதான். பிப்ரவரி 2023இல் தெரிந்தது ஒரு நலிந்த அணியில் முதலாண்டுப் பையன்கள் எவ்வளவு சுமக்க நேர்ந்தது என்பது. அவர்கள் என்னவாக ஆவார்கள் என்பது அதில் எழுதியிருக்கவில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சீசன் ரத்தானதும் என்சிஏஏ எல்லோருக்கும் ஓராண்டு கூடுதலாகக் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகள் இருபத்துமூன்று வயதுக்காரர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாண்டுப் பையன்களின் திறமை எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை, இடம்தான் காலியாகவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நல்ல சான்றும் உண்டு. மைக்கி பவல் முதலாண்டிலேயே நாட்டின் சிறந்த தாக்குதல் வீரர். லயோலா கல்லூரியின் பேட் ஸ்பென்சர் 2016இல் முதலாண்டு மாணவராக கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து 89 புள்ளி எடுத்தார். அணி அரையிறுதி வரை போனது. இந்த இருவரையும் பிப்ரவரியிலேயே கண்டுகொண்டவர்கள் சரியாகத்தான் கண்டார்கள். ஆனால் ஸ்பென்சரின் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். உயரம் தாமதமாக வளர்ந்த அவர், பள்ளியில் நெடுநாள் சிறு பையனாகவே இருந்தவர். பட்டியல்கள் உச்சத்தில் வைத்துக் கொண்டாடிய பெயர் அல்ல அது. 2019இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான டெவாரட்டன் விருதை வாங்கினார், பிறகு கூடைப்பந்துக்கு மாறி என்பிஏ வரை போனார். ஆக, அவர் விஷயத்தில் தோற்றது பள்ளிப் பட்டியல். வென்றது மைதானத்தில் கண்ணால் பார்த்த பார்வை. சீசன் தொடக்கத்தில் இளைஞர்களைப் பார்ப்பதே தப்பு என்று நான் வாதிடவில்லை. பார்ப்பதை எந்த உரைகல்லில் உரசுகிறோம் என்பதே கேள்வி. பவலும் ஸ்பென்சரும் விதிவிலக்குகள் என்பதால்தான் பல ஆண்டு கழித்தும் பேர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது. முளையிலேயே தெரிந்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முளையில் தெரியாமல் பின்னால் விளைந்தவர்களின் முதலாண்டை யாரும் நினைவில் வைப்பதில்லை. அந்த நினைவே ஒருதலைப்பட்சமானது.

அப்படியானால் பழைய தடையே மேல் என்று ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தடை ஜிம்மி லூயிஸ் போன்றவர்களிடமிருந்து ஓராண்டைப் பறித்தது. பிரவுனுக்கு நேர்ந்த அநீதியை மூடிய கதவு தடுக்கவில்லை. வெளியாருக்குத் தெரியாமல்தான் வைத்தது. ஸ்டிக்கைத் தொட்டிலிலேயே பெற்று, பதினெட்டு வயதில் பதினெட்டு ஆண்டு அனுபவத்தோடு வரும் பூர்வகுடிப் பையனுக்கு இன்னும் ஒரு ஆண்டு காத்திரு என்று சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. ஒனண்டாகா மக்களில் ஒருவரான லைல் தாம்ஸன் ஆல்பனி கல்லூரிக்காக நான்கு ஆண்டில் 400 புள்ளி குவித்தார். பழைய விதி இருந்திருந்தால் அந்த நான்கில் ஒரு ஆண்டு போயிருக்கும். இழந்தது தடையை அல்ல, தடையோடு வந்த பொறுமையை. ரசிகர் பேச்சால் யாருக்கு என்ன நட்டம், களத்தில் யார் இறங்குவது என்பதைப் பயிற்சியாளர்தானே முடிவு செய்கிறார் என்று இன்னொரு மறுப்பும் வரும். 2018க்கு முன் அது ஓரளவு சரி. 2018 அக்டோபரிலிருந்து கல்லூரி மாற விரும்பும் வீரன் யாரிடமும் அனுமதி கேட்காமல் பொதுப் பட்டியலில் பெயர் பதியலாம். 2021 ஜூலையிலிருந்து தன் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். பெயருக்கு விலை உண்டு என்றான பிறகு, அந்தப் பெயரைக் காலரி எப்படிப் பேசுகிறது என்பதற்கும் விலை உண்டு. முதல் ஐந்து ஆட்டத்தில் தோல்வி முத்திரை குத்தப்பட்ட பையன் ஆண்டிறுதியில் மூட்டை கட்டினால், அவன் மூன்றாம் ஆண்டில் விளைந்திருக்கக்கூடிய பயனை இன்னொரு கல்லூரி அறுவடை செய்யும்.

ஆகவே பிப்ரவரியில் மதிப்பெண் போடத்தான் வேண்டுமென்றால், முதலில் அணிக்குப் போட வேண்டும். போன ஆண்டு யார் போனார்கள், எந்த இடம் காலி, அங்கே புதுமுகத்தை நிறுத்தியது நம்பிக்கையாலா வேறு ஆள் இல்லாததாலா என்று கேட்க வேண்டும். பையனைப் பார்க்கும்போது கோல் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்து, எதிரே எந்த ஸ்டிக் நின்றது, தரையில் உருளும் பந்துக்கு எத்தனை முறை குனிந்தான், பந்து பறிபோனபின் எந்தப் பக்கம் ஓடினான், ஸ்லைடு போக வேண்டிய நேரத்தில் காலை எடுத்துவைத்தானா என்று பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் செய்த பிழையை ஐந்தாம் ஆட்டத்தில் செய்யவில்லை என்றால் அதுவே பெரிய செய்தி. இதைத்தான் அந்தக் காலத்துப் புதுமுக அணிப் பயிற்சியாளர் ஓராண்டு முழுதும் செய்துகொண்டிருந்தார். 1968இல் கல்லூரிகள் அந்த வேலையைச் செலவு என்று கழித்தபோது அது காலரியின் தலையில் விழுந்தது. அரை நூற்றாண்டாகக் காலரி தீர்ப்புச் சொல்லும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காத்திருந்து கவனிக்கும் பாதியை விட்டுவிட்டது. அந்த மறுபாதியையும் ஏற்றுக்கொள்ளும் ரசிகர் பிப்ரவரியில் என்ன மதிப்பெண் போட்டாலும் அது பென்சிலால் போட்டதாக இருக்கும்; மூன்றாம் ஆண்டு மே மாதத்தில் அதை மாற்றி எழுத அவருக்குக் கூச்சம் இருக்காது.